மூடுபனியில் காயாத கறுப்பு

“முடிய மாட்டேங்குதும்மா,” என்றார் மாசிலாமணி.

“எது?” என்றாள் ஹில்டா.

“எதுவுமே.”

ஹில்டா தலையைத் தூக்கவில்லை. அவள் கையில் ஒரு பல்செட் இருந்தது. மேல்வரிசை மட்டும். யாருடைய சிரிப்போ, ஆளைக் கீழே எங்கேயோ விட்டுவிட்டுத் தான் மட்டும் மலையேறி வந்து அவள் உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது.

கொடைக்கானலில் ஒரு பேக்கரிக்குப் பின்னால், பள்ளத்தாக்கைப் பார்த்த ஒற்றை அறை அது. ஹில்டாவுக்குத் தொழில் பல்செட் கட்டுவது. கிறுக்கு, மாடல் கார் கட்டுவது.

பெட்டியில் துண்டு துண்டாகப் பிளாஸ்டிக் வரும். வெட்டி, ராவி, ஒட்டி, பெயிண்ட் அடித்தால் ஒரு சாண் நீளத்துக்குக் கார் வரும். நிஜக் காரில் இருப்பதெல்லாம் அதிலும் இருக்கும். ஓடாது, அவ்வளவுதான்.

அவள் அலமாரியில் பல் ஒரு தட்டு, கார் ஒரு தட்டு. மேல்தட்டு சிரித்துக்கொண்டே இருக்கும், கீழ்த்தட்டு புறப்படத் தயாராக நிற்கும். புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே ஒரு நிமிஷம் நின்றுவிடுவார்கள்.

இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். ஆனாலும் ஒருவரை ஒருவர் எப்படியோ மோப்பம் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. கை ஓடவில்லையா, மலைக்குப் போ, ஹில்டாம்மாவைப் பார்.

மாசிலாமணிக்கு அவளுடைய அப்பா வயது. இருந்தும் ‘அம்மா’ என்றுதான் வாயில் வந்தது.

“பல்லுக்குத்தான் வந்தீங்கன்னு நெனச்சேன்,” என்றாள் ஹில்டா.

“பல்லு நல்லாத்தான் இருக்கு.”

“முன்பல்லு ஓரத்துல உடைஞ்சிருக்கே.” அவள் ஓரக்கண்ணில் பல் மட்டும் பட்டிருந்தது.

“அது கல்யாணத்துக்கு முன்னாடியே உடைஞ்சது. அதுக்கென்ன, சாப்பிட முடியுது.”

ஹில்டா முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் குனிந்துகொண்டாள்.

*

மாசிலாமணி சிவகாசிக்காரர். காலண்டர் அச்சகத்தில் வேலை பார்த்தவர். மெஷினிலிருந்து வரும் தாளைக் கையில் வாங்கிப் பிசிறு தேடுவதுதான் வேலை. முருகன் வேலில் நீலம் மயிரிழை விலகியிருந்தால் போதும், அந்தத் தாள் கட்டு முழுவதையும் தூக்கி ஓரத்தில் எறிவார். முதலாளி தலையில் கை வைத்துக்கொள்வார். முருகன் சிரித்துக்கொண்டிருப்பார்.

வேலை ஓய்ந்தது. கண் ஓயவில்லை. அந்தக் கண்ணைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? காரில் வைத்தார்.

பேரே மாசிலாமணி. பெற்றவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ, புண்ணியவான்கள்!

“பெயிண்ட் அடிப்பேன்,” என்றார் ஹில்டாவிடம். “காய விடுவேன். காலையில எழுந்து பாத்தா ஒரு தூசி இருக்கும். இல்லேன்னா ஒரு கோடு. விடுவேனா? பிரேக் ஆயில்ல முக்கிருவேன்.”

நிஜக் காருக்கு ஊற்றுகிற அதே பிரேக் ஆயில்தான். அதில் ஊறப்போட்டால் பெயிண்ட் மொத்தமும் தோலாக உரிந்து வந்துவிடும். உள்ளே வெறும் பிளாஸ்டிக், பிறந்த மேனியாக. திரும்ப முதலிலிருந்து.

“வீட்ல எத்தனை கார் இருக்கு?”

“வீடு பூரா. ஹால்ல கார். கட்டிலுக்கு அடியில பிரிக்காத பெட்டி. பீரோ மேல பெட்டி. சாமி ரூம்லயும் ரெண்டு மூணு வெச்சிருக்கேன்.”

“முடிச்சது?”

“அதான் சொன்னேனே.”

“முடியலேன்னா இப்ப என்ன? அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

மாசிலாமணி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

“என் வீட்டுக்காரி போயிட்டாம்மா.”

*

தமயந்தி சண்டை போட்டுப் போகவில்லை. போட்டிருந்தால் சமாதானம் பேசியிருக்கலாம்.

அவர்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்ட வார்த்தை ஒன்று உண்டு. “தொடாதே.”

“காயுது, தொடாதே.” “ஒட்டியிருக்கேன், தொடாதே.” “அந்த ஜன்னல் பக்கம் போகாதே, துணியில பட்டுரும், தொடாதே.”

“முடிஞ்சப்புறம் தொடலாமா?” என்று ஆரம்பத்தில் கேட்டாள்.

“முடியட்டும். தாராளமா.”

எது முடிந்தது? ஹாலில் உட்கார இடம் போயிற்று. ஊஞ்சலைக் கழற்றி மாடியில் போட்டாயிற்று. அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கிச் சமையல்கட்டில் போய் நின்றாள். அங்கேயும் ஒரு நாள் ஒரு கார் வந்தது. அடுப்புச் சூட்டில் சீக்கிரம் காயுமாம்!

அன்றைக்குத்தான் பையை எடுத்தாள்.

“இந்த வீட்ல நான் தொடலாம்னு மிஞ்சியிருக்கறது வெளக்குமாறு ஒண்ணுதான்,” என்றாள். “முடிஞ்சிருச்சுன்னு ஒரே ஒரு காரை என் கையில குடுங்க. அன்னைக்கு வர்றேன்.”

ராஜபாளையத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது தங்கை குடும்பம் ஓசூருக்குக் குடிபெயர்கிறது. தங்கை மருமகனுக்கு அங்கே வேலை. தமயந்தியும் அவர்களோடு போகப்போகிறாள்.

“ராஜபாளையத்துல இருந்தா கூப்பிடு தூரம்,” என்றார் மாசிலாமணி. “ஓசூர் போயிட்டா அவ திரும்ப மாட்டாம்மா. எனக்குத் தெரியும். அவங்க கிளம்பறதுக்குள்ள ஒண்ணு முடிக்கணும். ஆனா பிசிறோட ஒண்ணைக் குடுத்து முடிஞ்சிருச்சுன்னு பொய் சொல்ல என்னால ஆகாது.”

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அழுகை வந்துவிட்டது, பாவம்.

ஹில்டா ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளினாள்.

“பெட்டி கொண்டு வந்தீங்களா?”

பையிலிருந்து எடுத்தார். பழைய அமெரிக்கக் கார். படகு நீளம். பின்பக்கம் மீன் துடுப்பு மாதிரி இரண்டு.

“என்ன கலரு?”

“கறுப்பு. முகம் தெரியற கறுப்பு.”

“உக்காருங்க,” என்றாள்.

அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான்.

*

பேக்கரிக்கு எதிரே லாட்ஜில் அறை எடுத்தார். காலையில் வருவார், வெளிச்சம் இறங்குகிறவரை இருப்பார்.

அவள் பல்லை ராவுவாள். இவர் காரை ராவுவார். உப்புத்தாள் சத்தம் ஒரு பக்கம், அவளுடைய குட்டி மோட்டார் சத்தம் ஒரு பக்கம். பேக்கரியிலிருந்து ரொட்டி வாசனை சுவரைத் தாண்டி வரும். அந்த அறையில் நேரம் என்று ஒன்று நடந்ததாகவே தெரியவில்லை.

கதவுகளின் கோடு சுத்தமாக வந்தது. சீட்டு தைத்த மாதிரி வந்தது. கைதான் தங்கமான கையாயிற்றே.

கறுப்பு அடித்தார்.

அடித்து முடித்த சமயம் பார்த்து ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்தது. கதவைத் தட்டாத விருந்தாளி. மேஜையைச் சுற்றியது, பல்வரிசைகளைத் தடவியது, ஈரமான காரின்மேல் ஆற அமர உட்கார்ந்தது.

கறுப்பு மெல்ல வெளுத்தது. பால் சிந்தியதுபோல மேலெல்லாம் ஒரு வெள்ளை பூத்தது.

“ஐயோ!” என்றார் மாசிலாமணி.

“பூத்துருச்சு,” என்றாள் ஹில்டா. “ஈரத்துல பனி பட்டா அப்படித்தான்.”

“தெரிஞ்சுமா ஜன்னலைத் தெறந்து வெச்சிருக்கீங்க?”

“ஆமா.”

மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். இதற்குத்தானே மலையேறி வந்தது. இதில் ஏதோ இருக்கிறது.

“ஏம்மா தெறந்து வெச்சிருக்கீங்க?”

“சாத்தினா தின்னர் நெடி தலையைச் சுத்தும்.”

அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. காரைத் தூக்கிப் பிரேக் ஆயிலில் முக்கினார்.

மறுபடி அடித்தார். மறுபடி பனி வந்தது. மறுபடி முக்கினார்.

ஹில்டா தடுக்கவில்லை. ஊக்குவிக்கவும் இல்லை. டப்பாவில் எண்ணெய் குறைந்தால் ஊற்றி நிரப்பி வைத்தாள்.

*

ஒரு மதியம், அவள் பக்கத்துக் கடைக்குப் போயிருந்தபோது, அவர் அவளுடைய கார்களைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எல்லாமே பூத்துப்போனவை. சிவப்பு ஒன்று, ரோஜாவுக்கும் சாம்பலுக்கும் நடுவில் எங்கேயோ நின்றது. நீலம் ஒன்று, விடிகாலை வானம்போல வெளிறியிருந்தது. ஒன்றுகூட, ஒன்றே ஒன்றுகூட, பளிச்சென்று இல்லை.

இவளையா தேடி வந்தோம்!

ஹில்டா டீ டம்ளர்களோடு உள்ளே வந்தாள்.

“இதெல்லாம் கெட்டுப்போன பெயிண்டுதானேம்மா?”

“ஆமா.”

“கழிச்சிருக்கலாமே. ஏன் வெச்சிருக்கீங்க?”

அவள் டீயைக் கீழே வைத்தாள். நீலக் காரை எடுத்து உள்ளங்கையில் நிறுத்தினாள்.

“இது எங்க அக்கா வந்திருந்த அன்னைக்கு அடிச்சது. ஆளுக்கு ஆள் தெரியாத பனி. சின்னப் பிள்ளைங்க மாதிரி ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டுத்தான் கடைக்குப் போனோம். விழுந்து விழுந்து சிரிச்சோம்.”

“அதுக்கும் இந்தப் பெயிண்டுக்கும் என்ன சம்பந்தம்?”

“தெரியலையா?”

மாசிலாமணி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். வேலில் மயிரிழை விலகியதைப் பிடித்த கண். அந்தக் கண்ணுக்கு வெளுப்புதான் தெரிந்தது.

“தெரியலை,” என்றார்.

“டீ ஆறுது,” என்றாள் ஹில்டா.

*

அந்த டீக்குப் பிறகு, பல் அச்சு எடுக்கிற மாவு மூட்டையில் சாய்ந்தபடி அவர் கண்ணயர்ந்தார்.

கனவில் கறுப்புக் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். அமெரிக்கக் கார் அல்லவா, ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. பழக்கமில்லாத பக்கம். சாலை முழுக்கப் பனி. சாலை இருக்கிறதா என்பதே சந்தேகம். பேக்கரி பின்னால் போயிற்று, ஏரி பின்னால் போயிற்று, சிவகாசியில் அவருடைய அச்சகம்கூட ஓரமாக நின்று பின்னால் போயிற்று.

முன்கண்ணாடி இல்லை. இன்னும் ஒட்டவில்லையே. பனி நேராக முகத்தில் அடித்தது.

பின்சீட்டில் தமயந்தி இருந்தாள். கனவில் அது நிச்சயமாகத் தெரிந்தது. அவளுடைய பவுடர் வாசனை வந்தது.

“எங்க போறோம்?” என்று அவள் கேட்டாள்.

“போயிட்டே இருப்போம். எதையும் தொடாதே, ஈரம்.”

பவுடர் வாசனை நின்றது.

“தமயந்தி?”

திரும்பிப் பார்த்தார். பின்சீட்டு காலியாக இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு தூசி இல்லை. அவ்வளவு நேர்த்தியான சீட்டை அவர் வாழ்நாளில் செய்ததே இல்லை.

விழித்தபோது கன்னம் நனைந்திருந்தது. பனியால் என்று நினைத்துக்கொண்டார்.

*

பேருந்து நிலையத்தில் சோளக்கதிர் சுட்டு விற்கிற ராக்காயி பல்செட் வாங்க வந்தாள்.

“கதிரை வித்து என்ன பிரயோசனம் தாயி,” என்றாள். “ஊரெல்லாம் கடிக்குது. நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்.”

முந்தின நாள் முழுக்க அந்தப் பல்செட்டை மெருகேற்றியவர் மாசிலாமணி. ஹில்டா வேறு வேலையில் இருந்தாள், இவர் கை சும்மா இருக்கவில்லை. ஒரு கீறல் கிடையாது. முத்து முத்தாக இருந்தது. அதைப் பார்த்து அவருக்கே ஒரு பெருமை.

ராக்காயி மாட்டிக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தாள். “அடியாத்தி, மகாராணி!” என்றாள்.

கடி படுகிற இடத்தில் மை ஒட்டும் ஒரு நீலத்தாளை ஹில்டா அவள் பல்லுக்கு நடுவில் வைத்தாள். “கடிங்க.”

கடித்தாள்.

“இடது பக்கம் இடிக்குதே.”

வாயிலிருந்து வாங்கிப் பார்த்தாள் ஹில்டா. மெருகேற்றிய பல்லின் மேல் நீலப் புள்ளி விழுந்திருந்தது. அந்த இடத்தில் மோட்டாரை வைத்துச் சர்ரென்று ராவினாள். மெருகு போயிற்று. மறுபடி கடிக்கச் சொன்னாள். மறுபடி புள்ளி. மறுபடி ராவினாள்.

மாசிலாமணிக்குத் தன் பல்லையே ராவுவதுபோல இருந்தது.

கடைசியில் ராக்காயி மடியிலிருந்து ஒரு கதிரை எடுத்தாள். கொண்டே வந்திருந்தாள், பாருங்கள்! கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். மென்றாள். மூடிய கண்ணோரம் கசிந்தது. வாயெல்லாம் சோளமாக எழுந்து போய்விட்டாள்.

“நேத்தே முடிஞ்சதுன்னு நெனச்சேன்,” என்றார் மாசிலாமணி. குரலில் கொஞ்சம் தாங்கல் இருந்தது. “கண்ணாடியாட்டம் வெச்சிருந்தேன்.”

“நல்லாத்தான் வெச்சிருந்தீங்க.”

“அப்ப எப்பத்தான் முடியும், உங்க கணக்குல?”

“அந்தம்மா முடிச்சாங்களே, பாக்கலையா?” என்றாள் ஹில்டா. மேஜையில் சிந்திய சோளத்தைத் துடைக்கத் துணி எடுத்தாள்.

அவருக்குப் புரியவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தவர், திறந்தபடியே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். பிறகு முக்கத்தான் செய்தார். வழக்கத்தை விட முடியுமா?

*

தொலைபேசியில் தமயந்தி அதிகம் பேசுகிறவள் அல்ல.

“முடிஞ்சுதா?”

“இன்னும் கொஞ்சம்தான். இங்க பனி ஜாஸ்தி.”

“சாமான் எல்லாம் கட்டியாச்சு. ஞாயித்துக்கெழமை லாரி வருது.”

“தமயந்தி...”

“பீரோ சாவி உங்ககிட்ட இருக்கு. என் சேலையெல்லாம் அதுலதான் இருக்கு.”

“நான் வந்து...”

“நீங்க வர வேண்டாம். வேலை கெட்டுரும். எங்க இருக்கீங்கன்னு சொல்லுங்க, நானே வந்து வாங்கிக்கறேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கரிசனமாகச் சொன்னாள். வேலை கெட்டுவிடும் என்று உண்மையிலேயே நினைத்துச் சொன்னாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பேக்கரிக்குப் பின்னால் என்று வழி சொன்னார்.

*

மறுநாள் வெயில் அடித்தது.

மலையே அதை எதிர்பார்க்கவில்லை. பள்ளத்தாக்கு அடிவரை தெரிந்தது. அறையில் இருந்த அத்தனை பல்லும் பளபளத்தது.

மாசிலாமணி கண்ணிமைக்காமல் கறுப்பு அடித்தார். மூச்சை அடக்கிக்கொண்டு அடித்தார். ஜன்னல் திறந்தே இருந்தது. பனி வரவில்லை.

அடித்து முடித்து, குச்சியில் செருகி, வெயில் படுகிற இடத்தில் நிறுத்தினார். சுற்றிச் சுற்றி வந்தார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார்.

தூசி இல்லை. கோடு இல்லை. பூக்கவில்லை.

“ஹில்டாம்மா,” என்றார். “வந்துருச்சு.”

அவள் எட்டிப் பார்த்தாள். “நல்லா வந்திருக்கு,” என்றாள். உண்மையிலேயே நல்லா வந்திருந்தது.

காய்ந்துவிட்டால் முன்கண்ணாடியை வெளியிலிருந்து பதிக்க வேண்டியதுதான். சக்கரமும் சீட்டும் வைத்த அடித்தட்டு தனியே தயாராக இருந்தது, கீழிருந்து அழுத்தினால் போதும். இத்தனை வருஷத்தில் முதல் கார். சாயங்காலம்வரை யாரும் தொடாமல் இருந்தால் சரி.

அவர் தெய்வங்களை எல்லாம் வேண்டிக்கொண்டார்.

மதியத்துக்குள் தமயந்தி வந்துவிட்டாள்.

*

கையில் ஒரு சின்னப் பை. பஸ் திருப்பங்களில் வாந்தி எடுத்திருப்பாள் போல, முகம் வாடியிருந்தது. இளைத்திருந்தாள். மாசிலாமணி மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“வா,” என்றார்.

“சாவியைக் குடுங்க. மூணு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்.”

ஹில்டா ஸ்டூலைக் காலால் தள்ளினாள். “உக்காருங்கக்கா. தண்ணி குடிங்க.”

தமயந்தி தண்ணீர் குடித்தாள். அலமாரியைப் பார்த்து, “ஆத்தாடி, எத்தனை பல்லு!” என்றாள். பழக்க தோஷம், கைகள் இரண்டையும் மடியில் கட்டிக்கொண்டாள். காருள்ள இடத்தில் அப்படித்தான் உட்காருவாள்.

மாசிலாமணி சாவியைத் தேடினார். சட்டைப் பையில்தான் இருந்தது. வேட்டி மடிப்பில் தேடினார், பைக்குள் தேடினார், பெட்டிக்கு அடியில் தேடினார். கொடுத்துவிட்டால் போய்விடுவாளே.

அந்த நேரத்தில் தமயந்தி வெயிலில் நின்ற காரைப் பார்த்தாள்.

எழுந்து பக்கத்தில் போனாள். குனிந்தாள். கறுப்பு பானட்டில் அவள் முகம் தெரிந்தது. மூக்குத்திகூடத் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் வானம்.

“அட,” என்றாள். “நான்!”

கட்டிக்கொண்டிருந்த கைகளில் ஒன்று பிரிந்தது. அவள் அறிந்து பிரிக்கவில்லை. ஒற்றை விரல் மட்டும், தன் கன்னத்தைத் தானே தொடப்போகிறவள்போல, முன்னால் நீண்டது.

மாசிலாமணி பார்த்துவிட்டார்.

பெயிண்ட் காயவில்லை. பார்க்கத்தான் காய்ந்த மாதிரி இருக்கும். விரல் பட்டால் ஒட்டும், ரேகை விழும், பிறகு எந்தச் சாமி வந்தாலும் போகாது. அவருக்குத் தெரியாதா? வாய் தானாகத் திறந்தது. அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. ஒரு மூச்சு விட்டால் போதும், வெளியே வந்துவிடும்.

பின்னால் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றது. ஹில்டா திரும்பவில்லை. நிறுத்தினாள், அவ்வளவுதான்.

விரல் இன்னும் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய விரலை அவர் பார்த்து எத்தனை காலம் ஆகிறது! நகத்தோரம் மஞ்சள். கத்தி பட்ட பழைய தழும்பு ஒன்று. அது எப்போது பட்டது? அவருக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில்தான் பட்டிருக்கும், அவர் பக்கத்து அறையில் இருந்தபோதுதான் பட்டிருக்கும்.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

விரல் பட்டது.

“ஐயோ!” தமயந்தி கையை வெடுக்கென்று இழுத்தாள். நுனியில் கறுப்பு. பானட்டின் நட்ட நடுவில் சுழி சுழியாக ஒரு ரேகை. அவள் முகம் இருந்த இடத்தில் இப்போது அதுதான் இருந்தது.

“ஈரம்னு தெரியாதுங்க. காஞ்ச மாதிரி இருந்துச்சு. நான் வேணும்னு பண்ணலை. வந்து நின்னதும் கெடுத்துட்டேன். சாவியைக் குடுங்க, நான் போயிடறேன்.”

மோட்டார் மறுபடி ஓட ஆரம்பித்தது.

மாசிலாமணி மேஜையருகே வந்தார். ரேகையைக் குனிந்து பார்த்தார். அவருடைய கண், பிசிறு பார்க்கிற கண், அந்தச் சுழி ஒவ்வொன்றின் மேலும் நிதானமாகப் போயிற்று. எங்கேயும் விலகவில்லை.

முன்கண்ணாடியைக் கையில் எடுத்தார். விளிம்பில் பசை தொட்டார். அவளிடம் நீட்டினார்.

“இதை நீ வை.”

“நானா?”

“ஆமா.”

“எனக்கு எப்படிங்க தெரியும்?”

“இங்க ஒரு பள்ளம் இருக்கு பாரு. அதுல.”

அவள் பள்ளத்தைத் தேடினாள். வைத்தாள். கண்ணாடி ஒரு பக்கம் வழுக்கிற்று, பிடித்து நிறுத்தினாள். கூரையில் இன்னொரு விரல் பதிந்தது. அவர் காரைக் குச்சியிலிருந்து உருவிவிட்டு அடித்தட்டைக் கையில் எடுத்தார்.

“மேல ரெண்டு கையாலயும் பிடிச்சுக்க.”

“ஈரமா இருக்குதே!”

“பிடி.”

பிடித்தாள். அவர் கீழிருந்து அழுத்தினார். டக் என்றது.

அந்தச் சத்தத்தை அவர் இதுவரை கேட்டதில்லை.

இரண்டு பேரும் காரைப் பிடித்தபடி நின்றார்கள். அவள் கைகள் மேலே, அவர் கைகள் கீழே. பள்ளத்தாக்கிலிருந்து பனி திரும்ப ஏறி வந்துகொண்டிருந்தது. ஜன்னலைத் தாண்டிற்று. மேஜைக்கு வந்தது. கறுப்பின் ஓரத்தில் மெல்ல வெள்ளை பூக்கத் தொடங்கியது. யாரும் ஜன்னல் பக்கம் போகவில்லை.

தமயந்தி முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கோணலா வெச்சுட்டேனோ?”

“ஆமா,” என்றார்.

“எடுத்துரவா?”

“வேண்டாம். முடிஞ்சிருச்சு.”